பையில் கட்டிய துண்டு

ஜனவரி 8, 2024, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி எனக்கு வந்தது இல்லை. வருடப் பிறப்புக்கு அப்பாவின் துறைமுகச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. அப்பா இதில் ஒரு எழுத்தும் எழுதமாட்டார். போன வருட டைரியை அம்மா ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தாள். இந்த வருடம் "நீதானளா படிச்சவ, நீயே வச்சுக்க" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எழுதும்படி என் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆள் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. தாளுக்கு முன்னால் வருகிறதா பார்ப்போம்.

நேற்று சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது ஆன்றோ அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தினான். "ஏளா ஜெர்லி, நான் வெளிநாடு போறேன். அப்பாட்ட இப்பச் சொல்லாத. இன்டர்வியூல இங்கிலீஷ்ல கேப்பானுவளாம். அத மட்டும் எனக்குச் சொல்லிக்குடு."

கட்டட வேலைக்குப் போய்வந்த கத்தாருக்கே மறுபடியுமா என்று கேட்டேன். இல்லை, இஸ்ரேல் என்றான். "அங்கன கம்பி கட்ட ஆளே இல்லியாம். சம்பளம் தோஹாவ விட மூணு மடங்கு."

ஏன் ஆள் இல்லை என்று நான் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுகிறவள் நான்.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. டிசம்பர் வெள்ளம் எங்கள் வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அம்மா இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டாள். காய்ந்ததும் கோடு திரும்பி வந்துவிடுகிறது. பின்பக்கக் கூரை இடிந்து குசினிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் மூன்று கல்லை வைத்துச் சமைக்கிறோம். முத்தையாபுரத்தில் பாதித் தெரு இப்படித்தான்.

ஜனவரி 11, வியாழன்

சங்க அலுவலகத்துக்குள் இன்னும் சேற்று வாடை. நனைந்த கொடிகளை மாடிப்படிக் கைப்பிடி நெடுகக் காயப் போட்டிருக்கிறோம். செப்டம்பரிலிருந்து இங்கே டைப் அடிக்கிறேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களின் சங்கம். செயலாளர் ஞானையா அண்ணாச்சிக்கு என்னைவிட என் பட்டத்தின் மேல் மரியாதை அதிகம். யார் வந்தாலும், "நம்ம ரோச் மக. பி.ஏ. இங்கிலீஷ்" என்று அறிமுகம் செய்வார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

இன்று எங்கள் சங்கம் சேர்ந்திருக்கிற சம்மேளனத்திலிருந்து ஒரு மெயில். பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள் மற்ற நாட்டுத் தொழிலாளிகளுக்கு விடுத்த வேண்டுகோளும், கூடவே நம் சம்மேளனத்தின் குறிப்பும். "இதத் தமிழ்ல போடு பிள்ள. பிப்ரவரி பொதுக்குழுல வாசிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

படித்தேன். ஏன் ஆள் இல்லை என்று நான் கேட்காமல் விட்டதற்கு அதில் பதில் இருந்தது.

விடியுமுன் எழுந்து, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, எல்லை தாண்டிப் போய் வீடு கட்டிவிட்டு வந்தவர்கள் பாலஸ்தீனர்கள். அக்டோபரில் போர் தொடங்கியதும் அவர்களுடைய பர்மிட் எல்லாம் நின்றுவிட்டது. கட்டிடங்கள் பாதியில் நிற்கின்றன. அந்த இடத்துக்குத்தான் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். இங்கிருந்தும்.

மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 14, ஞாயிறு

பகலில் அந்த மொழிபெயர்ப்பு. சாயங்காலம் மாடியில் அண்ணனுக்கு இன்டர்வியூ பாடம். ஒரே வாயால் இரண்டும்.

நான்தான் அதிகாரி. கம்பி கட்டுகிறவனுக்கு இங்கிலீஷில் பார் பெண்டர். "வாட் இஸ் யுவர் ட்ரேட்?"

"ஐ பார் பெண்டர், சார்."

"ஐ ஆம் எ பார் பெண்டர்."

"நீயுமா? சொல்லவே இல்ல" என்று சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "ஒய் டூ யூ வான்ட் திஸ் ஜாப்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிகாஸ் மை ஹவுஸ் கேம் வாட்டர், சார்" என்றான்.

வாக்கியத்தைத் திருத்தினேன். பதிலைத் திருத்த எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஜனவரி 20, சனி

அப்பா என் மொழிபெயர்ப்பை வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி இறக்கிப் படித்தார். அவர் எட்டாம் வகுப்பு. 'சகோதரத் தொழிலாளர்களோடு ஒருமைப்பாட்டை உறுதி செய்கிறோம்' என்ற இடத்தில் நின்றார்.

"இது என்னளா, சர்க்கார் சுவத்துல எழுதின மாதிரி இருக்கு. கூட நிக்கோம்னு போடு."

கூட நிற்கிறோம் என்று போட்டேன். பக்கத்து அறையில் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: ஐ ஆம் எ பார் பெண்டர், ஐ ஆம் எ பார் பெண்டர்.

ஜனவரி 27, சனி

ஏஜெண்ட் அண்ணனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். போகப்போகிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று. பெரிய கட்டிடம், நல்ல கிரேன், வெயில். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

"இங்க பாரு."

எனக்குக் கம்பிகள்தான் தெரிந்தன.

"இந்தத் தூணு. இது வரைக்கும் கட்டியிருக்கான், மேல கட்டல. வளையமெல்லாம் மாட்டி நிக்கி, கட்டுக்கம்பி சுத்தல. பாதில விட்டுட்டுப் போயிருக்கான்." பிறகு, "நல்ல கை" என்றான். "நெருக்கிக் கட்டியிருக்கான் பாரு. என் கட்டு மாதிரியே இருக்கு."

நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியின் நுனியில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று மாட்டியிருந்தது. அதை அவனும் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் விரலை எடுத்தான், வீடியோ ஓடியது.

ஜனவரி 31, புதன்

சென்னையில் டெஸ்ட். பாஸ். நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் நன்றாக வேலை செய்ததாம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மார்ச் நான்காம் தேதி கிளம்ப வேண்டும். அண்ணன் சக்கரம் வைத்த நீலப் பை வாங்கி வந்துவிட்டான். அப்பாவிடம் மட்டும் "மெட்ராஸ்ல ஒரு வேலை" என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு உண்மை தெரியும். மாதா படத்துக்கு முன் தினம் ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக எரிகிறது.

நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்? கூரை வேண்டாம் என்றா?

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பொதுக்குழு. அரங்கு நிறையக் கூட்டம். ஞானையா அண்ணாச்சி திடீரென்று, "தமிழாக்கம் பண்ணின பிள்ளையே வாசிக்கட்டும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். முழுவதையும் வாசித்துவிட்டேன்.

இரண்டு தீர்மானம். பாலஸ்தீனத்துக்கு எதிராகப் போகும் ஆயுதச் சரக்கை நாங்கள் தொடமாட்டோம் என்பது ஒன்று. அங்கே வேலையை இழந்தவர்களின் இடத்துக்கு நம் ஆட்கள் யாரும் போகக்கூடாது என்பது இன்னொன்று.

முதல் தீர்மானத்துக்கு மரியான் மாமா எழுந்தார். அப்பாவின் கேங்தான், அவரோடு ஒரே குழுவில் சரக்கு இறக்குகிறவர், வாய் மட்டும் பெரியது. "அண்ணாச்சி, நம்ம துறைமுகத்துக்கு வாரது கரியும் மரத்தடியும். குண்டு எங்க வருது? வராத சரக்கத் தொட மாட்டோம்னு சொல்ல நமக்கு என்ன வலிக்கி?" எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்தாத் தொடுவியா?" என்றார் அப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"வந்தாத் தொட மாட்டேன்."

"அப்பொறம் என்ன, கையத் தூக்கு."

இரண்டாவது தீர்மானத்துக்கு முதலில் தூக்கியது அப்பாவின் கை. அப்போதுதான் மரியான் மாமா சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். "ஏலே ரோச், இதுல நான் எப்படிலே கையத் தூக்க? என் மவன் பெனிஸ்டனும் ஒன் மவனும் ஒண்ணாத்தான போறானுவ இஸ்ரேலுக்கு! பை கூட ஒரே கடையிலதான் வாங்கினானுவ. ஒனக்குத் தெரியாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். மேடையில், கையில் தாளோடு நின்ற என்னை. எனக்குத் தெரியும் என்பது என் முகத்தில் இருந்திருக்கும்.

ஐயோ. நான் ஏன் சொல்லாம இருந்தேன். ஒரு வார்த்தை. வீட்டுல வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தன பேர் முன்னால அப்பாவுக்கு இது நடந்திருக்குமா.

ஆனால் அவர் கையை இறக்கவில்லை. ஞானையா அண்ணாச்சி எண்ணி முடித்து, நிறைவேறியது என்று சொல்லி, எல்லோரும் கையை இறக்கிய பிறகும் அவர் கை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்தான் பிடித்து இறக்கிவிட்டார்.

பிப்ரவரி 12, திங்கள்

வீட்டில் சத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. காலையில் எழுந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். அண்ணனின் நீலப் பையின் கைப்பிடியில் அவருடைய துண்டு கட்டியிருந்தது.

துறைமுகத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். கப்பலின் அடித்தளத்தில் சரக்கு இறக்கும்போது தகராறு வந்து ஒரு கேங் வேலையை விட்டு மேலே ஏறி வந்துவிட்டால், மூத்த ஆள் தன் துண்டை ஏணிக் கம்பியில் கட்டிவிட்டு வருவார். துண்டு அங்கே இருக்கும்வரை வேறு கேங் அந்த ஏணியில் கால் வைக்காது. எவ்வளவு கூலி கூட்டினாலும் வைக்காது. தகராறு தீர்ந்த பிறகு கட்டியவர் கைதான் அதை அவிழ்க்க வேண்டும். சின்ன வயதில் நானும் அண்ணனும் பலகாரத் தட்டுக்கு மேல் துண்டு போட்டு விளையாடியிருக்கிறோம்.

அம்மா பையைச் சுற்றிப் பெருக்கினாள். நகர்த்தவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, பைக்குச் சளி, தடுமமா? துண்டக் கட்டி உக்கார வச்சிருக்கீய?" என்றாள். பிறகுதான் அது என்ன துண்டு என்று உற்றுப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரும் துறைமுகம்தான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நான்கு பேர் நெற்றியிலும் ஒரே சாம்பல். தவக்காலம் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 17, சனி

அண்ணன் வெடித்துவிட்டான். அப்பாவிடம் இல்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். என்னிடம்.

"ஒங்கப்பாவுக்குத் துண்டு கட்டத் தெரியும். அவ்வளவுதானா துண்டு? கேங் வெளிய வந்தா மத்த கேங்க்காரன் என்ன செய்வான்? ஆளுக்கு ஒருத்தனத் தன்கூட சேத்துக்கிடுவான். தன் வேலை முறையில, கூலில பாதியக் குடுப்பான். துண்டு கட்டினவன் வீட்டுல அடுப்பு அணையாது. அதுவுஞ் சேந்ததுதான துண்டு? எனக்கு யாருளா முறை குடுப்பா? ஒன் தீர்மானம் குடுக்குமா? நீ நல்லா வாசிச்சியாம்ல, எல்லாரும் சொல்லுதாவ. போ, நாளைக்கும் வாசி."

கோபத்தில் சொன்னாலும் அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன். இல்லை. நாங்கள் துண்டுச் சட்டத்தில் பாதியைத்தான் தீர்மானம் போட்டிருக்கிறோம். போகாதே என்ற பாதி. போகாதவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பாதி எங்கே?

பிப்ரவரி 19, திங்கள்

அண்ணாச்சியிடம் கேட்கப் போனேன். "என்ன பிள்ள?" என்றார். ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அண்ணாச்சி ஸ்டேப்ளர் பின் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு பெட்டி.

பிப்ரவரி 21, புதன்

கேட்டுவிட்டேன்.

நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அண்ணாச்சிக்கு முதலில் கோபம் வந்தது. "இது சங்க ஆபீஸா, வேலைவாய்ப்பு ஆபீஸா? ரோச் மவனத் துறைமுகத்துல வேலைக்கு ஏத்தினா நாளைக்கு நூறு பேரு வாசல்ல நிப்பான். ஞானையா தனக்கு வேண்டியவனச் சேக்கான்னு போஸ்டர் அடிப்பானுவ."

"துறைமுகத்துல கேக்கல அண்ணாச்சி" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "நம்ம உறுப்பினர் எத்தன பேரு வீட்டுக் கூரை விழுந்து கிடக்கு. அதக் கட்டத்தான போறாவ? யார வச்சிக் கட்டுதாவ? வெளியூர் கான்ட்ராக்டர வச்சி. இஸ்ரேலுக்குப் பேர் குடுத்திருக்கிற பையன்க எல்லாம் கம்பி கட்டுதவன், கொத்து வேலைக்காரன், டைல்ஸ் போடுதவன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஒனக்குப் பேச வருமா?" என்றார்.

பிப்ரவரி 26, திங்கள்

நேற்று நிர்வாகக் குழுவில் முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு கேங்கும் தன் ஆட்களில் கூரை போனவர் ஒருவர் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நாளில் மண்ணும் கல்லும் சுமக்க ஆள் தர வேண்டும். கம்பிக்கும் கொத்து வேலைக்கும், இஸ்ரேலுக்குப் பேர் கொடுத்துவிட்டு நிற்கிற பையன்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். உள்ளூர்க் கூலிதான். அங்கே கிடைப்பதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆறேழு மாதத்துக்கு வேலை இருக்கும். அதற்குப் பிறகு? யாருக்கும் தெரியாது.

மரியான் மாமா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. என் மவன் போவான். எனக்கு இன்னொரு பொண்ணக் கட்டிக்குடுக்கணும். யாரும் என்னைய வையக்கூடாது" என்றாராம். யாரும் வையவில்லை என்று அப்பா சொன்னார். பதினைந்து நாளில் வீட்டில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அண்ணன் காதில் விழும்படி பேசினார். அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

மார்ச் 2, சனி

எல்லோரும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். நானும் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு ஏன் இந்தத் தவிப்பு? மாடிக்கு ஏறுகிறேன், இறங்குகிறேன். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் வருகிறேன்.

என் அண்ணன் ஒருவன் போகாவிட்டால் அங்கே என்ன மாறிவிடும்? அந்த ஏஜெண்ட் வேறொருவனைப் பிடிப்பார். சாவடி திறக்காது. குண்டு நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வீடியோவில் பாதியில் நின்ற அந்தத் தூணும் மஞ்சள் ஹெல்மெட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைக் கட்டியவன், சாப்பிடப் போகிறவன் மாட்டுகிற மாதிரி ஹெல்மெட்டை மாட்டியிருந்தான். திரும்பி வரப்போகிறவன் மாட்டுகிற மாதிரி. அவனுக்கும் வீட்டில் ஒரு தங்கை இருப்பாளா? வீடு இருக்குமா?

மார்ச் 4, திங்கள்

ராத்திரி சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ். இப்போது மத்தியானம். பை அதே மூலையில். துண்டும் அதே கைப்பிடியில். அப்பா வேலைக்குப் போகவில்லை. வாசல் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 6, புதன்

அப்பா தன் கையால் அவிழ்த்த துண்டு கொடியில் காய்கிறது. அம்மா இரண்டு தடவை அலசிப் போட்டாள்.

பெனிஸ்டன் விமான நிலையத்திலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறான். சிரிக்கிறான். அவன் அம்மா இங்கே வந்து அழுதுவிட்டுப் போனாள். எங்கள் அம்மாவும் கூட அழுதாள். இருவரும் வேறு வேறு காரணத்துக்கு என்று நினைக்கிறேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

ஏஜெண்ட் ஒரு நாளில் எட்டுத் தடவை கூப்பிட்டார். முன்பணம் திரும்பி வராதாம். கூரை இன்னும் குசினிக்குள்தான் கிடக்கிறது. எங்கள் முறை மே மாதத்தில். அதுவரை மூன்று கல்தான். பிளாரன்ஸ் அக்கா வீட்டுக் கூரைக்கு முதல் கம்பி இன்று இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல்: "ஏலே ஆன்றோ, வெளிநாட்டுக் கட்டாக் கட்டு, உள்ளூர்க் கட்டு வேண்டாம்!" பதிலுக்கு இவன் ஏதோ சொல்ல, நான்கைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

திங்கட்கிழமை நடந்ததை எழுதாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். எழுதினால் கரைந்துவிடும் போல இருந்தது.

ஆறு மணிக்கு மேல், அண்ணன் பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் டார்ச்சும் சார்ஜரும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"அப்பா துண்டு கட்டிட்டாவ" என்றான். "அம்மா ஜெபம் பண்ணியாச்சு. சங்கம் தீர்மானம் போட்டாச்சு, வேலையும் தாரேங்குது. பெனிஸ்டன் வாலே வாலேங்கான். எல்லாரும் சொல்லியாச்சு. நீ இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த. எனக்காகப் போயி ஞானையாட்ட பேசின. ஆனா எங்கிட்ட நீ ஒண்ணும் சொல்லலியேளா. இந்த ரெண்டு மாசமா ஒரு வார்த்த சொல்லல."

உண்மைதான். அண்ணாச்சியிடம்கூடக் கேட்டுவிட்டேன், போகாதே என்று இவனிடம்தான் கேட்கவில்லை. கேட்டு அவன் மாட்டேன் என்றால் அதற்குப் பிறகு எனக்கு அண்ணன் இருக்கமாட்டான் என்று பயம். கேட்டு அவன் சரி என்றுவிட்டால் கூரைக்கு நான் பொறுப்பு என்று இன்னொரு பயம்.

வாசலில் அப்பாவின் முதுகு அசையவில்லை. அம்மா அடுப்பில் ஊதுவதை நிறுத்திவிட்டாள். நான் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் விரலில் கட்டுக்கம்பி கிழித்த பழைய தழும்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அந்தத் தூண நீ கட்டாதண்ணே. அவன் வந்து கட்டட்டும்."